செசிலியா பார்த்தோலியின் ‘தி விவால்டி ஆல்பம்’: சிறிய குரலுக்கு ஏற்ற பெரிய தேர்வு

பதினெட்டாம் நூற்றாண்டு இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் பாட்டுகளைப் பாடகி செசிலியா பார்த்தோலி பாடி, டெக்கா நிறுவனம் 1999-இல் வெளியிட்ட இந்த இசைத்தட்டை இன்றைக்கும் தாராளமாக வாங்கலாம். ஆனால் முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் கேட்காதீர்கள். வேகமான ஏரியாக்கள் (ஓப்பரா என்ற இசை நாடகத்தில் வரும் தனிப்பாட்டுகள்) மூன்று நான்கு அடுத்தடுத்து வந்தால் காது களைத்துவிடும். நடுவில் வரும் அற்புதமான மெதுவான பாட்டு உரிய கவனம் பெறாமல் போய்விடும். ஒரு வேகம், ஒரு மெது என்று இரண்டிரண்டாகக் கேளுங்கள்.

மெஸ்ஸோ-சொப்ரானோ என்ற நடுத்தரப் பெண் குரல் கொண்டவர்களுக்கு ஓப்பரா உலகம் ஏற்கெனவே ஒரு பாதை போட்டு வைத்திருக்கிறது. இளமையில் மொட்ஸார்ட்டின் கெருபினோ, ரொசினியின் ரொசினா, செனெரெந்தோலா. குரல் கனத்தபின் கார்மென், வெர்டியின் அம்னெரிஸ், அசுசேனா. பின்னவையெல்லாம் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவைத் தாண்டி அரங்கின் கடைசி வரிசைவரை போய்ச் சேர வேண்டிய பாத்திரங்கள். பார்த்தோலியின் குரல் அந்த ரகம் இல்லை. அளவில் சிறியது, அசைவில் மின்னல். ரோமில் பிறந்து, பாடகியான தாய் சில்வானா பஸ்ஸோனியிடமே குரல் பயின்றவர். ரொசினாவாலும் செனெரெந்தோலாவாலும் புகழ் பெற்ற பிறகு, அடுத்து கார்மென் என்று போகாமல் பின்னோக்கி, பதினெட்டாம் நூற்றாண்டுக்குள் நடந்தார். சுமார் 3,800 இருக்கைகள் கொண்ட நியூயார்க் மெட்ரோபொலிடனைவிட, 1,100 இருக்கைகள் அளவிலான சூரிக் ஓப்பராவில்தான் அதிகம் பாடினார். அந்த முடிவு எவ்வளவு சரி என்பதற்கு இந்தத் தட்டு சான்று.

விவால்டி என்றால் ‘நான்கு பருவங்கள்’ (பருவத்துக்கு ஒன்றாக நான்கு வயலின் கச்சேரிப் படைப்புகள்) என்று மட்டும் தெரிந்திருந்த காலம் அது. தொண்ணூற்று நான்கு ஓப்பராக்கள் எழுதியதாக அவரே ஒரு கடிதத்தில் சொல்லியிருக்கிறார். முழுமையாகவோ பெரும்பகுதியாகவோ மிஞ்சியவை இருபது சொச்சம். அவற்றின் கையெழுத்துப் பிரதிகளில் பெரும்பகுதி தூரின் நகரத் தேசியப் பல்கலைக்கழக நூலகத்தில், ஃபோவா, ஜோர்தானோ என்ற இரண்டு தொகுப்புகளாக இருக்கிறது. சிறுவயதில் இறந்துபோன தங்கள் மகன்களின் நினைவாக அந்தச் சுவடிகளை வாங்கிக் கொடுத்த இரண்டு குடும்பங்களின் பெயர்கள் அவை. இந்தத் தட்டின் ஏரியாக்கள் அந்தக் கருவூலத்தை நம்பி நிற்பவை. புத்திர சோகத்தின் பெயரால் காப்பாற்றப்பட்ட தாள்கள். தட்டின் சிகரமான பாட்டும் புத்திர சோகம்தான்.

‘ஃபர்னாச்சே’ ஓப்பராவில் வரும் ‘ஜெலிதோ இன் ஓன்யி வேனா’ அது. கருங்கடல் கரையில் இருந்த பொந்துஸ் நாட்டின் மன்னன் ஃபர்னாச்சே, ரோமானியர் கையில் சிக்கிவிடக் கூடாது என்று தன் மகனைக் கொல்லும்படி மனைவிக்குக் கட்டளையிட்டவன். மகன் இறந்துவிட்டான் என்று நம்பும் நிலையில் பாடுகிறான்: ஒவ்வொரு நரம்பிலும் ரத்தம் பனியாய் ஓடுகிறது, உயிரற்ற பிள்ளையின் நிழல் என்னை அச்சத்தால் நிரப்புகிறது, ஒரு பாவமறியா உயிருக்குக் கொடுமை செய்தேனே. தந்தி வாத்தியங்கள் தொடங்கியதும் யாருக்கும் தெரிந்துவிடும்: ‘நான்கு பருவங்க’ளில் உள்ள ‘குளிர்காலம்’ கச்சேரியின் அதே முதல் சுரங்கள். கீழிருந்து ஒவ்வொரு வாத்தியமாகச் சேர்ந்து, ஒன்றோடொன்று உரசி நடுங்கும் அதே அமைப்பு. கச்சேரியில் பருவத்தின் குளிராக இருந்தது இங்கே தகப்பனின் குலைநடுக்கம்.

பார்த்தோலி இதில் செய்வதைக் கூர்ந்து கேளுங்கள். முதல் சொல்லைக் கிட்டத்தட்டக் காற்றாகவே விடுகிறார். அதிர்வே இல்லாத வெற்று சுரம். அது நீளும்போது கடைசியில்தான் மெல்ல அதிர்வு சேர்கிறது. பாட்டு பத்து நிமிடத்தைத் தாண்டும். முதல் பகுதி, மாறுபட்ட நடுப்பகுதி, மீண்டும் முதல் பகுதி என்பது அக்காலத்து ஏரியாவின் வழக்கமான அமைப்பு. திரும்ப வரும்போது பாடகர் அலங்காரம் சேர்க்க வேண்டும். பெரும்பாலோர் உயர்ந்த சுரங்களைச் சேர்த்துத் திறமை காட்டுவார்கள். இவர் சத்தத்தை இன்னும் குறைக்கிறார். சேர்க்கும் சங்கதிகளும் இறங்கு முகமாகவே போகின்றன. பிள்ளையை இழந்தவனுக்குக் கத்தக் கூடத் தெம்பில்லை என்று அந்தத் தேர்வு சொல்கிறது. இந்த ஒரு பாட்டுக்காகவே தட்டை வாங்கலாம்.

வேகப் பாட்டுகளில் ‘ல’ஒலிம்பியாதே’யின் ‘ஸியாம் நாவி’, ‘கிரிசெல்தா’வின் ‘தோப்போ உன்’ஓரிதா ப்ரொசெல்லா’, ‘லா ஃபிதா நின்ஃபா’வின் ‘அல்மா ஒப்ரெஸ்ஸா’ மூன்றும் பிரமிப்பு. ‘தோப்போ’வில் குரல் உச்சத்திலிருந்து அடித்தளத்துக்குத் தொபுக்கென்று குதிக்க வேண்டும். பல குரல்களில் அந்தக் குதிப்பின்போது ஆளே மாறியது போல நிறம் மாறும். இவருக்கு அடிக்குரலும் மேல்குரலும் ஒரே துணியில் நெய்ததாக இருக்கின்றன. ஜொவான்னி அன்தொனினி நடத்தும் இல் ஜார்தினோ அர்மோனிகோ குழு, மிலானில் 1985-இல் உருவானது. அளவில் சிறியது என்பதால் குரலை மூழ்கடிக்காமலே வில்லால் அறைந்து, கிள்ளி, சீறி வாசிக்க முடிகிறது. ‘ஜெஃபிரெத்தி’ என்ற பாட்டில் குரலுக்கு எதிரொலியாக வரும் வயலின்கள் தனி அழகு.

குறையும் இங்கேதான் இருக்கிறது. வேகமான பிருகாக்களில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு சிறு மூச்சுத் தள்ளல் கொடுத்துப் பாடுவது பார்த்தோலியின் வழக்கம். சுரங்கள் மணி மணியாகத் தெறிக்கின்றன, உண்மை. ஆனால் நீண்ட ஓட்டங்களில் ‘ஹ’ ஓசை இடையில் புகுந்து வரி துண்டுபடுகிறது. மைக் மிக அருகில் இருப்பதால் இது கூடுதலாகத் தெரிகிறது. மூச்சிழுப்பும் காதருகே கேட்கிறது. ‘அல்மா ஒப்ரெஸ்ஸா’வில் வார்த்தையின் வலியைவிட வேகமே முன்னால் நிற்கிறது. ஓரிரு அடி நிதானமாக எடுத்திருந்தால் பாட்டு இன்னும் ஆழமாக இறங்கியிருக்கும்.

குரல் பயில்பவர்கள் இதைப் பார்த்துப் போலி செய்வது ஆபத்து. நகல் எடுப்பவர்கள் தாடையை ஆட்டியோ தொண்டையை இறுக்கியோ அந்தத் தெறிப்பைக் கொண்டுவரப் பார்ப்பார்கள். விளைவு, பாதி ஓட்டத்திலேயே காற்று தீர்ந்து சுருதி இறங்கும். முதலில் மெட்ரோனோம் என்ற தாளக் கருவியை நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து, அடிக்கு நான்கு சுரமாக, ஒரே உயிரெழுத்தில் இழையறாமல் பாடுங்கள். ஒரு விரலை மோவாயில் வைத்துக் கொண்டால் தாடை ஆடுவது உடனே தெரியும். ஒவ்வொரு நான்கின் முதல் சுரத்துக்கும் மட்டும் மெல்லிய அழுத்தம். அது சுத்தமாக வந்த பிறகு மெட்ரோனோமின் எண்ணை நான்கு நான்காகக் கூட்டி வேகப்படுத்தலாம். ஓட்டம் குழம்பினால் காரணம் பெரும்பாலும் வேகமல்ல. தொடங்கும் முன் அளவுக்கு மிஞ்சி மூச்சிழுத்து, மார்பு விறைத்திருக்கும்.

வாங்குவதில் ஒரு யோசனை. ஸ்ட்ரீமிங்கில் எளிதாகக் கிடைக்கும். ஆனால் ஏரியாவின் சொற்கள் தெரியாமல் இந்த இசை பாதிதான் புரியும். பழைய சிடியாக, கையேட்டோடு கிடைத்தால் அதையே எடுங்கள். கேட்கும்போது சத்தத்தை ஒரு வேகப் பாட்டுக்கு அளவாக வைத்துவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். ‘ஜெலிதோ’வின் தொடக்கம் கேட்கவில்லையே என்று ஏற்றினால் அடுத்த பாட்டு செவிப்பறையைத் தாக்கும். காரிலோ சமையலறையிலோ ஓடவிட இது தோதுப்படாது. மெல்லிய இடங்கள் இரைச்சலில் காணாமல் போய்விடும். தொடக்கமாக, முதல் பாட்டான ‘தெல்’ஆவுரா அல் ஸுஸ்ஸுரார்’ நல்ல வாசல். அதில் கோரஸுடன் ‘வசந்தம்’ கச்சேரியின் மெட்டு வருகிறது.

இந்தத் தட்டு 2001-இல் கிராமி விருது பெற்றது. அதன்பின் குளுக், சாலியெரி, காஸ்திராட்டோ (சிறுவயதில் விதை நீக்கம் செய்யப்பட்டு உயர்ந்த குரல் காத்த ஆண்) பாடகர்களுக்காக எழுதப்பட்ட பாடல்களின் தொகுப்பு என ஒவ்வொரு தட்டையும் ஓர் ஆய்வாகவே பார்த்தோலி கொண்டுபோனார். 2018-இல் ழான்-கிறிஸ்டோஃப் ஸ்பினோஸியின் ஆன்சாம்பிள் மத்தியூ குழுவோடு மீண்டும் ஒரு விவால்டி தட்டு வெளியிட்டார். அதில் மெதுவான பாட்டுகள் கனிந்திருக்கின்றன. துள்ளல் 1999 அளவுக்கு இல்லை. ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் முதலாவது.

‘ஜெலிதோ’ பிடித்துப் போனவர்கள் அடுத்து ஜோர்தி ஸவால் நடத்திய முழு ‘ஃபர்னாச்சே’ பதிவைத் தேடுங்கள். அதில் ஃபர்னாச்சேயைப் பாடுபவர் ஃபூரியோ ஸனாஸி, பாரிடோன் என்ற நடுத்தர ஆண் குரல். குரல் வேறு, நிறம் வேறு. முன்கதையோடு வரும்போது அதே நடுக்கம் வேறு திசையிலிருந்து வந்து தாக்குகிறது.