டொமைனை சர்வரோடு இணைக்க எந்த வழி நல்லது? ஏ ரெக்கார்டு, நேம்சர்வர் மாற்றம், கிளவுட்ஃப்ளேர், சிநேம்

செவ்வாய்பேட்டையில் கொலுசு வியாபாரம், லீ பஜாரில் மொத்தக் கடை, ஏற்காட்டில் ஹோம்ஸ்டே என்று சேலம் பக்கம் சொந்தமாக வெப்சைட் வைத்திருப்பவர்கள் இப்போது நிறையப் பேர். பெரும்பாலும் டொமைன் ஒரு கம்பெனியில் இருக்கும், ஹோஸ்டிங் இன்னொன்றில், மெயில் மூன்றாவது இடத்தில். டொமைனை சர்வரோடு இணைப்பது அரை மணி நேர வேலைதான். ஆனால் எந்த வழியில் இணைத்தோம் என்பது ஹோஸ்டிங்கை மாற்றும் அன்றைக்கு, மெயில் நின்றுபோகும் அன்றைக்குத்தான் தெரியவரும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டொமைன் பெயரில் மெயிலும் ஓடுகிறது என்றால், நேம்சர்வரை, அதாவது டொமைனின் முகவரித் தகவலைக் கேட்பவர்களுக்குச் சொல்லும் சர்வரை, ஹோஸ்டிங் கம்பெனி கையில் கொடுக்காதீர்கள். இருக்கிற இடத்திலேயே வைத்துக்கொண்டு, சைட் இருக்கும் சர்வரின் ஐபி எண்ணைச் சொல்லும் ஏ ரெக்கார்டை மட்டும் மாற்றுங்கள். இதற்கு விதிவிலக்குகள் உண்டு, அவற்றையும் பார்ப்போம்.

மாற்ற முடிந்த இரண்டு இடங்கள்

டொமைன் பெயரை சர்வரின் எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ், 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தது. இன்றும் அதன் அடிப்படை அதேதான். ஒரு டொமைனுக்கு யார் பதில் சொல்ல வேண்டும் என்பது அந்த வகை டொமைன்களின் தலைமைப் பதிவேடான ரிஜிஸ்ட்ரியில் பதிவாகியிருக்கும். டாட் காமுக்கு வெரிசைன், டாட் இன்னுக்கு நிக்ஸி. அங்கே எழுதியிருப்பது நேம்சர்வர்களின் பெயர் மட்டும். சர்வரின் ஐபி எண், மெயில் எங்கே போக வேண்டும் என்ற தகவல் எல்லாம் அந்த நேம்சர்வரில் ரெக்கார்டுகளாக இருக்கும். நாடெங்கும் உள்ள ரிசால்வர்கள் (நமக்காக நேம்சர்வரிடம் கேட்டுச் சொல்பவை) இந்தப் பதில்களை வாங்கி, டிடிஎல் என்ற நொடிக் கணக்கு முடியும்வரை கையில் வைத்திருக்கும்.

ஆக, நாம் கை வைக்கக்கூடிய இடம் இரண்டே இரண்டு. ஒன்று, ரிஜிஸ்ட்ரியில் உள்ள நேம்சர்வர் பெயர். இன்னொன்று, நேம்சர்வருக்குள் இருக்கும் ரெக்கார்டு. கீழே வரும் எல்லா வழிகளும் இந்த இரண்டில் ஒன்றைத் தொடுவதுதான்.

ஏ ரெக்கார்டு: தேவையானதை மட்டும் மாற்றுவது

டொமைன் வாங்கிய கம்பெனியின் டிஎன்எஸ் பக்கத்துக்குப் போய், @ என்று இருக்கும் வரியில் (வெறும் டொமைன் என்று பொருள்) புது சர்வரின் ஐபியைப் போடுவது. உதாரணத்துக்கு 203.0.113.25 என்று வைத்துக்கொள்வோம். டபிள்யூடபிள்யூடபிள்யூ முகவரிக்கும் அதே எண், அல்லது அதைத் தாய்ப் பெயரைக் காட்டும் சிநேமாக (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பிவிடும் ரெக்கார்டு) வைக்கலாம். மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் வரிகள், மெயில் நாம் அனுப்பியதுதான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் வரிகள் எதையும் தொட வேண்டியதில்லை. சைட் மட்டும் இடம் மாறும், மெயில் தன்பாட்டுக்கு ஓடும்.

திரும்பி வருவதும் இதில்தான் சுலபம். புது சர்வர் சரியில்லை என்றால் பழைய எண்ணைத் திரும்பப் போட்டால் போதும். அதற்கு ஒரு முன்வேலை உண்டு. டிடிஎல் 86400 என்று இருந்தால் அது ஒரு முழு நாள். சர்வர் மாற்றும் நாளுக்கு முந்தின நாளே அதை 300 ஆக்கிவிட வேண்டும். மாற்றும்போது குறைத்தால் பயனில்லை, பழைய பதிலை வாங்கியவர்கள் பழைய கணக்குப்படிதான் வைத்திருப்பார்கள். எல்லாம் நிலைத்த பிறகு 3600க்கு ஏற்றிக்கொள்ளலாம்.

பலரும் மறக்கும் இடம் ஒன்று இருக்கிறது. ஏ ரெக்கார்டு ஐபிவி4 எண்ணுக்கானது. ஐபிவி6க்கு நான்கு ஏ எழுத்துகள் கொண்ட தனி ரெக்கார்டு உண்டு. பழைய ஹோஸ்டிங் அப்படி ஒன்றை வைத்திருந்து, அதை மாற்றாமல் விட்டுவிட்டால் கூத்து விசித்திரமாக இருக்கும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் புது சைட் வரும், போனில் பழைய சைட் வரும். ஜியோ போன்ற மொபைல் நெட்வொர்க்குகளில் ஐபிவி6 பரவலாக ஓடுகிறது, போன் முதலில் அந்த முகவரியைத்தான் தேடிப் போகும். "எனக்கு வருதே, உங்களுக்கு ஏன் வரலைங்க?" என்று ஆளாளுக்குப் பிரவுசரில் சேமித்திருக்கும் கேஷை அழித்துக்கொண்டிருப்பார்கள். சைட்டுக்கு எச்டிடிபிஎஸ் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட்டின் சோதனையும் அந்த ஐபிவி6 முகவரி இருந்தால் முதலில் அங்கேதான் போகும். அதனால் சில சமயம் சான்றிதழும் கிடைக்காது. புது சர்வரில் ஐபிவி6 இல்லையென்றால் அந்த வரியை நீக்கிவிடுங்கள்.

இந்த வழியின் குறை என்ன? ஹோஸ்டிங் கம்பெனி தன் சர்வரின் ஐபியை மாற்றினால் நாம்தான் கையால் மாற்ற வேண்டும். மாற்றப்போகிறோம் என்று மெயில் அனுப்புவார்கள். அதை யாரும் படிக்காமல் விட்டால் ஒருநாள் காலையில் சைட் இருக்காது. இது உண்மையான ஆபத்து. ஆனாலும் எப்போதாவது வரும் ஆபத்துதான்.

நேம்சர்வரையே ஹோஸ்டிங் பக்கம் மாற்றுவது

ஹோஸ்டிங் கம்பெனிகள் பெரும்பாலும் சொல்லிக்கொடுக்கும் வழி இதுதான். இரண்டு நேம்சர்வர் பெயர்களைத் தருவார்கள், டொமைன் பேனலில் ஒட்டினால் வேலை முடிந்தது. ஐபி மாறினால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள், சப்டொமைன் போட்டால் ரெக்கார்டும் தானாக உருவாகும். வசதியில் இதை அடிக்க ஆளில்லை.

விலை எங்கே என்றால் மெயிலில். நேம்சர்வர் மாறியதும் பழைய இடத்தில் இருந்த ரெக்கார்டுகள் ஒன்றுகூட நம்மோடு வராது. புது இடத்தில் ஹோஸ்டிங் கம்பெனியின் வழக்கமான வார்ப்புதான் இருக்கும். சிபேனல் என்ற ஹோஸ்டிங் நிர்வாகப் பேனலின் வார்ப்பில் மெயிலுக்கான எம்எக்ஸ், அந்த டொமைனையே காட்டும். அதாவது மெயில் எல்லாம் வெப் சர்வருக்கே வரும். அங்கே அந்தப் பெயரில் பெட்டி இருக்காது, அனுப்பியவருக்கே திரும்பிப் போகும்.

ஏற்காட்டில் ஒரு ஹோம்ஸ்டேவுக்கு இது நடந்தது. மே மாதம், கோடை விழா நெருங்கும் நேரம். புது ஹோஸ்டிங்குக்கு மாறினார்கள், நேம்சர்வரையும் மாற்றினார்கள், சைட் பளிச்சென்று திறந்தது. நடத்துகிற அக்கா சொன்னது இதுதான்: "சைட் நல்லா வருதுங்க தம்பி, ஆனா புக்கிங் மெயில் ஒண்ணுகூட வரலைங்க. சீசனே இல்லையோன்னு நினைச்சேன்." சீசன் இருந்தது. ரூம் கேட்டு எழுதியவர்கள் மெயில் திரும்பி வந்ததும் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள். எம்எக்ஸ் வரிகளை எழுதிச் சேர்த்ததும் மெயில் வரத் தொடங்கியது. போன வியாபாரம் போனதுதான்.

இதைத் தவிர இன்னும் இரண்டு. டாட் காம் ரிஜிஸ்ட்ரியில் நேம்சர்வர் பதிலுக்கான டிடிஎல் 172800 நொடி, அதாவது இரண்டு முழு நாள். இந்த எண் நம் கையில் இல்லை, குறைக்கவும் முடியாது. தப்பு என்று தெரிந்து பின்வாங்கினாலும் சில இடங்களில் அந்தத் தப்பு இரண்டு நாள் உயிரோடு இருக்கும். அடுத்தது டிஎன்எஸ்செக், அதாவது டிஎன்எஸ் பதில்கள் போலியில்லை என்று கையெழுத்தால் உறுதிசெய்யும் முறை. பழைய இடத்தில் அதை இயக்கி வைத்திருந்தால், அந்தக் கையெழுத்தைச் சரிபார்க்க ரிஜிஸ்ட்ரியில் இருக்கும் டிஎஸ் ரெக்கார்டை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் நேம்சர்வரை மாற்றினால், கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று கூகுளின் 8.8.8.8 போன்ற சரிபார்க்கும் ரிசால்வர்கள் டொமைனையே மறுத்துவிடும். சைட், மெயில் இரண்டும் போகும்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. கடைக் கட்டடத்தின் ஓனரிடமே கடையின் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டு வாடகைக்கு இருப்பதைப் போன்றது இது. ஹோஸ்டிங் புதுப்பிக்க மறந்தால் சைட் மட்டும் போக வேண்டும். நேம்சர்வரும் அங்கேயே இருந்தால், வேறு கம்பெனியில் காசு கட்டி வைத்திருக்கும் மெயிலும் கூடவே போகும். நம் ஊரில் இன்னொரு பழக்கமும் இருக்கிறது, சைட் செய்து கொடுத்தவரின் கணக்கிலேயே டொமைனையும் வாங்கிவிடுவது. அவர் ஊர் மாறினாலோ நம்பரை மாற்றினாலோ கடைக்காரர் தன் பெயருக்காக அலைகிறார். டொமைன் கணக்கின் லாகின் முதலாளியின் சொந்த மெயிலில், சொந்த போன் நம்பரில் இருக்க வேண்டும். மேலே கீழே உள்ள எந்த வழியைத் தேர்ந்தாலும் இதில் சமரசம் வேண்டாம்.

இந்த வழி யாருக்குப் பொருந்தும்? டொமைனில் மெயிலே இல்லாதவருக்கு, வாட்ஸ்அப்பிலேயே வியாபாரத்தை முடிப்பவருக்கு, பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவருக்கு. அவர்களுக்குத் தாராளமாகப் போதும்.

கிளவுட்ஃப்ளேர் போல நடுவில் ஒருவர்

கிளவுட்ஃப்ளேர், சைட் பார்ப்பவருக்கும் நம் சர்வருக்கும் நடுவில் நிற்கும் சேவை, நேம்சர்வரையும் அதுவே தரும். இதிலும் நேம்சர்வரை மாற்றத்தான் வேண்டும், மேலே சொன்ன டிஎஸ் ரெக்கார்டு எச்சரிக்கையும் இரண்டு நாள் கணக்கும் இங்கேயும் உண்டு. வித்தியாசம், நேம்சர்வர் ஹோஸ்டிங் கம்பெனியிடம் போகவில்லை. ஹோஸ்டிங்கை எத்தனை முறை மாற்றினாலும் டிஎன்எஸ் நம்மிடமே நிற்கும். டொமைனைச் சேர்க்கும்போது பழைய ரெக்கார்டுகளைத் தேடி எடுத்துக் காட்டுவார்கள். அது முழுமையாக இருக்கும் என்று நம்பாமல் பழைய பட்டியலோடு ஒரு வரி விடாமல் ஒத்துப் பாருங்கள். டிகிம் வரிகள்தான் அதிகம் விடுபடும்.

ரெக்கார்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆரஞ்சு மேகத்தை இயக்கினால் சைட் பார்க்க வருபவர்கள் கிளவுட்ஃப்ளேருக்கு வருவார்கள், அது நம் சர்வரிடம் வாங்கிக் கொடுக்கும். வெளியே தெரியும் ஐபி கிளவுட்ஃப்ளேருடையது என்பதால், சர்வரை மாற்றும்போது டிடிஎல்லுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, சட்டென்று மாறிவிடும். மாம்பழ சீசனில் ஆர்டர் எடுக்கும் சைட்டுக்கு இது பெரிய வரம். படங்களைத் தன்னிடம் சேமித்து வைத்துக் கொடுப்பதால் சின்ன சர்வரும் கூட்டத்தைத் தாங்கும். மெயில் சர்வரின் பெயருக்கு மட்டும் மேகத்தைச் சாம்பல் நிறத்தில் விட வேண்டும், இல்லையென்றால் மெயில் நின்றுவிடும்.

எச்டிடிபிஎஸ் பூட்டுக்கான எஸ்எஸ்எல் அமைப்பில் ஒரு குழி இருக்கிறது. ஃப்ளெக்ஸிபிள் என்பதைத் தேர்ந்தால், கிளவுட்ஃப்ளேர் நம் சர்வரோடு பூட்டில்லாத எச்டிடிபியில் பேசும். நம் சர்வரோ எச்டிடிபிஎஸ்ஸுக்கு வா என்று திருப்பி அனுப்பும். இரண்டும் மாறி மாறித் தள்ள, பிரவுசர் "ரீடைரக்ட் அதிகம்" என்று கைவிரிக்கும். சர்வரில் முறையான சான்றிதழ் போட்டு, ஃபுல் ஸ்ட்ரிக்ட் வைப்பதுதான் சரி.

நடுவில் ஒருவர் இருந்தால் அவர் விழும்போது நாமும் விழுவோம் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். 2025 நவம்பர் 18 அன்று கிளவுட்ஃப்ளேர் தடுமாறியபோது, சொந்த சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தும் உலகெங்கும் எத்தனையோ சைட்டுகள் பிழைப் பக்கம் காட்டின. ஆனாலும் சீசன் கூட்டமும் வேர்ட்பிரஸ்ஸைத் தாக்கும் தொல்லையும் இருக்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

சிநேம்: பெயருக்குப் பெயர்

பிளாக்கர், கிட்ஹப் பேஜஸ் போன்ற தளங்களில் சைட் இருந்தால் ஐபி எண்ணைத் துரத்த வேண்டாம். டபிள்யூடபிள்யூடபிள்யூ முகவரிக்கு அவர்கள் தரும் பெயரை சிநேமாகப் போட்டால் போதும். பிளாக்கருக்கு அது ஜிஎச்எஸ்.கூகுள்.காம். அந்தப் பக்கம் ஐபி மாறினாலும் நமக்குத் தெரியவே வேண்டியதில்லை.

சிக்கல், முன்னொட்டு இல்லாத வெறும் டொமைனில். சிநேம் இருக்கும் பெயரில் வேறு ரெக்கார்டு இருக்கக் கூடாது என்பது 1987இல் இருந்தே விதி. வெறும் டொமைனிலோ நேம்சர்வர் ரெக்கார்டும், டொமைனின் அடிப்படை விவரம் சொல்லும் எஸ்ஓஏ ரெக்கார்டும் கட்டாயம் இருக்கும். ஆகவே அங்கே சிநேம் போட முடியாது. சில டிஎன்எஸ் கம்பெனிகள் ஏலியாஸ் என்ற பெயரில் இதற்கு வழி செய்து தருகின்றன, கிளவுட்ஃப்ளேரிலும் உண்டு. அது இல்லாத இடத்தில் வெறும் டொமைனுக்கு ஏ ரெக்கார்டும் டபிள்யூடபிள்யூடபிள்யூவுக்கு சிநேமும் என்று கலந்து வைக்க வேண்டும். கிட்ஹப் பேஜஸ் இதற்காகவே 185.199.108.153 முதல் 185.199.111.153 வரை நான்கு எண்கள் தருகிறது.

அந்தத் தளத்தில் கணக்கை மூடினால் சிநேமையும் அன்றைக்கே அழித்துவிடுங்கள். விட்டு வைத்தால், சில தளங்களில் வேறு ஒருவர் அதே பெயரைப் பிடித்து, நம் முகவரியில் தன் பக்கத்தைக் காட்ட முடியும்.

மற்ற இரண்டு

டொமைன் ஃபார்வர்டிங், அதுவும் முகவரியை மறைத்துக் காட்டும் வகை, வேண்டவே வேண்டாம். பக்கத்தை ஒரு சட்டத்துக்குள் அடைத்துக் காட்டுவார்கள், போனில் கோணலாக வரும், பல இடங்களில் எச்டிடிபிஎஸ் இருக்காது. கூடுதலாக வாங்கி வைத்த இரண்டாவது டொமைனை முதன்மை டொமைனுக்குத் திருப்ப மட்டும் சாதாரண ஃபார்வர்டிங்கைப் பயன்படுத்தலாம்.

ஆபீஸ் கம்ப்யூட்டரையே சர்வராக்கி, மாறும் ஐபியைத் தானாகப் புதுப்பிக்கும் டைனமிக் டிஎன்எஸ்ஸில் ஓட்டலாமா என்று சிலர் கேட்கிறார்கள். ரவுட்டரின் வெளி முகவரி 100.64க்கும் 100.127க்கும் நடுவில் தொடங்கினால் அது பல வீடுகள் பங்கு போடும் முகவரி, வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. அப்படி இல்லாவிட்டாலும், மழைக்கு கரண்ட் போகும் மலையில் வாடிக்கையாளர் பார்க்கும் சைட்டை வைக்க வேண்டாம்.

மாற்றியபின் பார்ப்பது எப்படி

எந்த வழியானாலும், தொடங்கும் முன் இப்போதிருக்கும் ரெக்கார்டு பக்கத்தை முழுதாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புது ஹோஸ்டிங் பேனலில் டொமைனைச் சேர்த்துவிட்டுத்தான் டிஎன்எஸ்ஸைத் தொட வேண்டும், இல்லையென்றால் சரியான சர்வருக்கே வந்தாலும் கம்பெனியின் வெற்றுப் பக்கம்தான் தெரியும். புது சப்டொமைனை, ரெக்கார்டு போடும் முன்பு பிரவுசரில் அடித்துப் பார்க்காதீர்கள். "அப்படி ஒரு பெயர் இல்லை" என்ற பதிலையும் ரிசால்வர்கள் கொஞ்ச நேரம் ஞாபகம் வைத்திருக்கும்.

அப்புறம் கம்ப்யூட்டரின் கட்டளைத் திரையில், டிஎன்எஸ் பதிலைக் கேட்டுச் சொல்லும் என்எஸ்லுக்கப் கட்டளையை இரண்டு முறை ஓட்டுங்கள். முதலில் நம் டொமைனின் நேம்சர்வரிடமே நேராகக் கேளுங்கள், அடுத்து 8.8.8.8இடம் கேளுங்கள். நேம்சர்வர் புது எண்ணும் 8.8.8.8 பழைய எண்ணும் சொன்னால் எல்லாம் சரி, டிடிஎல் முடியக் காத்திருந்தால் போதும், எதையும் மறுபடி மாற்ற வேண்டாம். நேம்சர்வரே பழைய எண்ணைச் சொன்னால், எவ்வளவு நேரம் காத்திருந்தும் பயனில்லை. பெரும்பாலும் ரெக்கார்டை வேறு ஏதோ பேனலில் மாற்றியிருப்பீர்கள். டொமைன் வாங்கிய இடத்தில் மாற்றியிருப்பீர்கள், நேம்சர்வரோ ஹோஸ்டிங் கம்பெனியைக் காட்டிக்கொண்டிருக்கும். அந்த நேம்சர்வர் யாருடையதோ அவர்கள் பேனலில் போய் மாற்றுங்கள்.