டைகான் விலைப்பட்டியல்: எந்த ஆப்ஷனுக்குப் பணம் கொடுக்கலாம், எதை விட்டுவிடலாம்

சொகுசு மின்கார்களின் விளம்பரங்களில் காட்டப்படும் தொடக்க விலைக்கும், வாங்குபவர் கடைசியில் கையெழுத்திடும் தொகைக்கும் உள்ள வித்தியாசத்தின் பெரும்பகுதி, கூடுதல் பணம் கட்டிச் சேர்க்கும் வசதிகளின் பட்டியலான ஆப்ஷன் பட்டியலில்தான் இருக்கிறது. பெட்ரோல் கார்களுக்கும் இத்தகைய பட்டியல்கள் உண்டு. ஆனால் அவற்றில் இருப்பவை பெரும்பாலும் வசதிக்கும் அழகுக்கும் உரியவை என்பதால், எதைச் சேர்த்தாலும் விட்டாலும் கார் போகும் தூரம் பெரிதாக மாறுவதில்லை. மின்காரிலோ ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் எவ்வளவு தூரம் ஓடும், வழியில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், குளிர்காலத்தில் எவ்வளவு இழக்கும் என்பதையெல்லாம் அந்தப் பட்டியலே தீர்மானிக்கிறது. ஆகவே பட்டியலையும் காரின் ஒரு பாகமாகவே கருதி மதிப்பிட வேண்டும் என்பது என் கருத்து.

இதற்கு போர்ஷே நிறுவனத்தின் டைகானை எடுத்துக்கொள்கிறேன். 2019 செப்டம்பரில் அறிமுகமான இந்தக் கார், பல மின்கார்களில் உள்ள 400 வோல்ட்டைவிட வேகமாகச் சார்ஜ் ஏற்ற உதவும் 800 வோல்ட் மின்னமைப்பும் பின் அச்சில் இரண்டு கியர்களும் கொண்டது. ஓட்டுவதில் கிடைக்கும் நிறைவில் இதற்கு நிகரானவை மிகச் சிலவே. அதன் ஆப்ஷன் பட்டியலோ, பொறுமையுள்ளவரையும் களைப்படையச் செய்யும் அளவுக்கு நீளமானது.

முதலில் பேட்டரி. தொடக்க ஆண்டுகளில் டைகான் 4எஸ் வாங்கியவருக்கு 79.2 கிலோவாட் மணி பேட்டரி அடிப்படை விலையிலேயே கிடைத்தது, 93.4 கிலோவாட் மணி பேட்டரிக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருந்தது. கார் ஓடும் தூரத்தை அளக்க ஐரோப்பாவில் பின்பற்றும் டபிள்யூஎல்டிபி சோதனைமுறைப்படி சிறிய பேட்டரியில் 407 கிலோமீட்டர் வரையும், பெரியதில் 463 கிலோமீட்டர் வரையும் ஓடும் என்று நிறுவனம் அறிவித்தது. தூரத்தோடு வித்தியாசம் முடிந்துவிடவில்லை. வேக சார்ஜ் நிலையத்தில் சிறிய பேட்டரி 225 கிலோவாட் வேகத்துக்கு மேல் ஏற்காது. பெரியது 270 கிலோவாட் வரை ஏற்கும். சார்ஜ் ஏறும் வேகத்தில் உள்ள இந்த வித்தியாசம் பலர் கண்ணில் படுவதே இல்லை. இருக்கையின் தோலைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம், ஒலிபெருக்கியை மாற்றிக்கொள்ளலாம்; கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபின் பேட்டரியின் அளவை மாற்றிக்கொள்ள வழியில்லை. கையில் இருக்கும் பணம் ஒரே ஒரு ஆப்ஷனுக்குத்தான் போதும் என்றால், அது பெரிய பேட்டரியாக இருக்கட்டும்.

அடுத்தது சக்கரம். பலரும் ஏமாறும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கார் நிறுவனங்களின் இணையதளத்தில் 19 அங்குலச் சக்கரத்திலிருந்து 21 அங்குலத்துக்கு மாறும்போது திரையில் தெரியும் கார் உடனே கம்பீரமாகிறது. சக்கர வளைவின் இடைவெளி நிரம்புகிறது, டயரின் பக்கச்சுவர் மெல்லிய கறுப்புக் கோடாகச் சுருங்குகிறது. அந்த அழகுக்கு என்ன விலை என்பதை லூசிட் ஏர் என்ற அமெரிக்க மின்கார் தெளிவாகக் காட்டுகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீட்டில், அந்தக் காரின் ட்ரீம் எடிஷன் ரேஞ்ச் வகை 19 அங்குலச் சக்கரத்தில் 520 மைல், அதாவது சுமார் 837 கிலோமீட்டர் ஓடும்; 21 அங்குலச் சக்கரம் போட்டால் 481 மைல், சுமார் 774 கிலோமீட்டர். டெஸ்லா மாடல் எஸ் பிளெய்டிலும் இதே கதைதான்: 396 மைல் என்பது பெரிய சக்கரத்தில் 348 மைலாகக் குறைந்தது. பெரிய சக்கரத்தின் எடை, அகன்ற டயரின் உருளல் தடை, காற்றைக் கலைக்கும் அதன் வடிவம் ஆகிய எல்லாம் சேர்ந்து பேட்டரியை உறிஞ்சுகின்றன. டைகானில் கூடுதல் பணம் கொடுத்து வாங்கும் பெரிய பேட்டரி தருவது ஐம்பத்தாறு கிலோமீட்டர். பிளெய்டில் சக்கரத்தை மட்டும் மாற்றினால் போவது சுமார் எழுபத்தேழு கிலோமீட்டர். சோதனைமுறைகள் வேறு என்பதால் இவ்விரு எண்களையும் நேருக்கு நேர் வைத்துக் கழிக்க முடியாதுதான். ஆனாலும், ஒரு பக்கத்தில் பணம் கொடுத்துச் சேர்த்த தூரத்தை மறுபக்கத்தில் மீண்டும் பணம் கொடுத்து இழக்கிறோம் என்பதில் ஐயமில்லை. மெல்லிய டயர் பள்ளத்தில் விழுந்தால் சக்கரம் அடிவாங்குவதும், புது டயரின் விலை கூடுவதும் தனிக்கணக்கு.

கடும் வெப்பத்தைத் தாங்கும் விலையுயர்ந்த செராமிக் பிரேக்கைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அன்றாட ஓட்டத்தில் வேகம் குறைக்கும் தருணங்களில் ஏறத்தாழ 90 சதவீதத்தை மின்மோட்டார்களே பார்த்துக்கொள்கின்றன என்று போர்ஷேயே கூறுகிறது. பந்தயப் பாதையில் ஓட்டாதவருக்கு, அரிதாகவே வேலை செய்யும் ஒரு பாகத்துக்காகப் பெருந்தொகை கொடுப்பது வீண்.

இந்தப் பட்டியலில் எனக்கு உண்மையான வருத்தம் தருபவை, பெயரைப் பார்த்தால் முக்கியத்துவம் தெரியாத சில வரிகள். முதல் ஆண்டுகளின் டைகான், 400 வோல்ட் சார்ஜ் நிலையத்தில் 50 கிலோவாட் மட்டுமே ஏற்கும். 150 கிலோவாட் ஏற்க வைக்கும் கருவி ஆப்ஷனாக விற்கப்பட்டது. 800 வோல்ட் நிலையங்கள் குறைவாக உள்ள பகுதியில் வசிப்பவர் அந்த ஒரு வரியைக் கவனிக்காமல் விட்டால், உலகின் மிக வேகமாகச் சார்ஜ் ஏறும் கார்களில் ஒன்றை வாங்கிவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்க நேரிடும். சாவிக்கு காரின் நிறத்தையே பூசித் தருவதும், சீட் பெல்ட்டுக்கு வேறு நிறம் தருவதும், தலைசாய்மானத்தில் நிறுவனச் சின்னத்தைப் பதிப்பதும் இருக்கும் அதே பட்டியலில்தான் இதுவும் இருந்தது. சாவிக்கு நிறம் பூச விரும்புபவரை நான் குறை சொல்லமாட்டேன். தன் காரைத் தன் விருப்பப்படி அமைத்துக்கொள்வது சொகுசுக் கார் வாங்குவதன் மகிழ்ச்சிகளில் ஒன்று. ஆனால் ஆற்றலோடு தொடர்புடைய எதுவும் அலங்காரப் பொருள்களின் வரிசையில் வரக்கூடாது. அது அடிப்படை விலைக்குள்ளேயே அடங்க வேண்டும்.

2024 மாடலில் போர்ஷே இந்தத் திசையில் ஓரளவு நகர்ந்திருக்கிறது என்பதைப் பாராட்டியே ஆகவேண்டும். ஹீட் பம்ப், முன் இருக்கைச் சூடேற்றி, பின்புறக் கேமரா, ஏர் சஸ்பென்ஷன் ஆகியவை எல்லா வகைகளிலும் அடிப்படை வசதிகளாகிவிட்டன. ஹீட் பம்ப் சேர்ந்தது சிறிய செய்தி போலத் தோன்றலாம். குளிர்ப் பிரதேசத்தில் காரின் உட்புறத்தைச் சூடாக்கச் செலவாகும் மின்சாரத்தைக் குறைப்பது அதுதான். பெரிய பேட்டரி 105 கிலோவாட் மணியாகவும், அது ஏற்கும் வேகம் 320 கிலோவாட்டாகவும் உயர்ந்துள்ளன. ஆனால் பல வகைகளில் அந்தப் பெரிய பேட்டரி இன்னும் ஆப்ஷன்தான் என்பது குறையே.

போட்டியாளர்களின் வழிகள் வேறு. டெஸ்லா நிறம், சக்கரம், உட்புறம், தானியங்கி ஓட்ட மென்பொருள் என்று சிலவற்றோடு நிறுத்திக்கொள்வதால் அங்கே தேர்வு செய்வது எளிது. ஆனால் விலை அடிக்கடி மாறுகிறது. 2023 ஜனவரியில் அந்நிறுவனம் விலையைப் பெரிதாகக் குறைத்தபோது, சற்று முன்பு வாங்கியவர்களின் காரின் மறுவிற்பனை மதிப்பும் கூடவே விழுந்தது.

காரில் ஏற்கெனவே இருக்கும் பொருளை மென்பொருளால் பூட்டி வைத்து விற்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. 2016இல் விற்கப்பட்ட டெஸ்லா மாடல் எஸ் 60 கார்களில் 60 கிலோவாட் மணி மட்டுமே பயன்படுத்த முடிந்தாலும், உள்ளே இருந்தது 75 கிலோவாட் மணி பேட்டரி. மிச்சத்தைத் திறந்துவிடத் தனிக்கட்டணம். மெர்சிடிஸ் ஈக்யூஎஸ் காரின் பின் சக்கரங்கள் 4.5 பாகை திரும்பும். 10 பாகை திரும்புவதற்குச் சில நாடுகளில் பணம் கட்டி மென்பொருள் அனுமதி பெற வேண்டும். பிஎம்டபிள்யூ 2022இல் சில நாடுகளில் இருக்கைச் சூடேற்றிக்கு மாதச் சந்தா கேட்டு, எழுந்த எதிர்ப்பால் மறு ஆண்டே அதைக் கைவிட்டது. வாங்கியவர் அந்தப் பொருளின் எடையை ஒவ்வொரு பயணத்திலும் தன் மின்சாரத்தில் சுமக்கிறார். அதைப் பயன்படுத்த மட்டும் மீண்டும் விலை கேட்பது நியாயமாகாது. இத்தகைய சந்தா ஆப்ஷன்களை ஒருவரும் வாங்காமல் இருப்பதே அவற்றுக்குச் சரியான பதில்.

இன்று டைகான் வாங்க நினைப்பவருக்கு நான் சொல்வது, பின்சக்கர இயக்கம் கொண்ட அடிப்படை வகையைப் பெரிய பேட்டரியோடும் சிறிய சக்கரத்தோடும் எடுங்கள் என்பதே. டபிள்யூஎல்டிபி கணக்கில் 678 கிலோமீட்டர் வரை எட்டுவது இந்த வகைதான். விலை அதிகமான டர்போ எஸ் வகை அதைத் தொடுவதில்லை. மிச்சமாகும் பணத்தில் மனத்துக்குப் பிடித்த நிறத்தைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். டபிள்யூஎல்டிபி முறையில் எடை, டயர், காற்றுத்தடை ஆகியவற்றைப் பாதிக்கும் ஆப்ஷன்களைக் கணக்கில் எடுத்து, தேர்ந்தெடுத்த காருக்கே உரிய தூரத்தைத் தர முடியும். ஷோரூமில் முன்பணம் கட்டுவதற்கு முன் விளம்பரத்தில் வந்த எண்ணை ஒதுக்கிவிட்டு, உங்கள் ஆப்ஷன்கள் அத்தனையும் சேர்ந்த காருக்கான எண்ணை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்; பிறகு சக்கரத்தை மட்டும் ஒரு படி குறைத்து அதே எண்ணை மறுபடியும் கேளுங்கள்.