பெர்ரிக் குளோரைடா, அமிலமும் பெராக்சைடுமா?

வீட்டில் சர்க்யூட் போர்டு செய்யத் தொடங்குபவருக்கு, போர்டின் மேல் வேண்டாத செம்பைக் கரைத்து எடுக்க நான் சொல்வது பெர்ரிக் குளோரைடுதான். வேலை மெதுவாக நடக்கும், பழுப்புக் கறை துணியில் பட்டால் போகவே போகாது. ஆனால் இறுக்கி மூடிய பிளாஸ்டிக் பாட்டிலில் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். உலோக டப்பாவும் உலோக மூடியும் மட்டும் வேண்டாம். அரித்து ஓட்டை போட்டுவிடும்.

ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைக் கலந்தால் செம்பு கண்ணெதிரே கரையும். கரைசல் தெளிந்த பச்சையாக இருப்பதால் போர்டும் நன்றாகத் தெரியும். சிக்கல் அதன் ஆவியில்தான். மூச்சை அடைக்கும், குளோரின் வாயுவும் கிளம்பலாம். அமில பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்த என் ஸ்க்ரூடிரைவர்கள் சில நாளிலேயே செந்துரு பூத்துவிட்டன. அப்புறம், கலந்த திரவத்தை ஒருபோதும் இறுக்கி மூடாதீர்கள். பெராக்சைடு சிதைந்து ஆக்சிஜன் வந்துகொண்டே இருக்கும். பாட்டில் உப்பி வெடிக்கக்கூடும். அன்றைக்கு வேண்டிய அளவை மட்டும் திறந்த வெளியில் கலக்குங்கள். பெராக்சைடில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றி அல்ல.

கையுறையும் கண்ணாடியும் இரண்டுக்கும் கட்டாயம். பயன்படுத்திய கரைசலில் செம்பு இருக்கிறது, அது மீன்களைக் கொல்லும். சாக்கடையில் ஊற்றாமல், பெயரெழுதிய பாட்டிலில் சேர்த்து, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.