'இட்' போட்டு எழுதும் நோட்டு: ஏழு வருடம் பயன்படுத்தியபின்

வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதுவதுதான் என் வேலை. சேர்ந்த புதிதில் 'ஐ வில் பிக் அப் இட்' என்றுதான் எழுதுவேன். புரிந்துவிடும் என்பதால் யாரும் திருத்தவில்லை. டீம் லீட் அக்கா மட்டும் ஒருநாள் "பிக் இட் அப்னு எழுதுப்பா, இட் நடுவுல வரும்" என்றார். ஏன் என்று கேட்டால் "அது அப்படித்தான்" என்றார். அன்றைக்கு ஆரம்பித்த நோட்டு இது.

முறை ரொம்ப எளிது. ஃப்ரேசல் வெர்ப் ('டர்ன் ஆஃப்' மாதிரி, வினையோடு ஒரு குட்டிச் சொல் சேர்ந்து ஒரே வினையாக நிற்பது) எதையும் மொட்டையாக எழுதுவதில்லை, 'இட்' சேர்த்துத்தான் எழுதுவது. 'டர்ன் இட் ஆஃப்', 'கால் இட் ஆஃப்', 'புட் இட் ஆஃப்'. நடுவில் 'இட்' நுழைய விடாத பிரியாதவை என்றால் 'லுக் ஃபார் இட்', 'லுக் அட் இட்'. பிரிபவை, பிரியாதவை என்று இரண்டு பட்டியலை மனப்பாடம் செய்து தோற்றவன் நான்; வாய்விட்டுச் சொல்லிப் பழகியபோதுதான் நின்றது. சொல்லிப் பாருங்கள், 'டர்ன் இட் ஆஃப்' என்பதில் அழுத்தம் 'ஆஃப்' மேல் விழும், 'லுக் அட் இட்' என்பதில் 'லுக்' மேல் விழும். காதுக்குப் பழகியபின் 'டர்ன் ஆஃப் இட்' என்று சொல்ல நாக்கே வராது.

அக்கா சொல்லாத காரணமும் போகப்போகப் பிடிபட்டது. 'இட்' என்பது ஏற்கெனவே பேசிய பொருள், அதில் புதுச்செய்தி இல்லை. ஆங்கிலம் வாக்கியக் கடைசியைப் புதுச்செய்திக்கும் நீளமான பொருளுக்கும் ஒதுக்கி வைத்திருக்கிறது. அதனால்தான் பெயர்ச்சொல் வந்தால் 'டர்ன் ஆஃப் த ஃபேன்', 'டர்ன் த ஃபேன் ஆஃப்' இரண்டும் சரி (இரண்டாவது நம் 'ஃபேனை ஆஃப் பண்ணு' வரிசையேதான், 'டர்ன்' மட்டும் நாம் கழற்றிவிட்டோம்), ஆனால் 'போன வருடம் என் அண்ணன் வாங்கிவந்த ஃபேன்' என்று நீட்டி முழக்கினால் 'ஆஃப்' வினையோடு ஒட்டி முன்னால் வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கேட்பவர் 'ஆஃப்' எப்போது வரும் என்று காத்துக்கிடப்பார். நம்மிடமும் கொஞ்சம் இப்படி உண்டு. 'விட்டுக்கொடு' ஒரே சொல்தான், ஆனாலும் 'விட்டே கொடுக்க மாட்டான்' என்கிறோம் இல்லையா? நடுவில் நுழைய இடம் கிடைப்பது 'ஏ' மாதிரிக் குட்டிச் சங்கதிகளுக்குத்தான்.

சரி, குறைக்கு வருவோம். நடுவில் போட்டுப் போட்டு கை பழகிவிடும். மூன்றாம் வருடம் ஒரு வாடிக்கையாளர் போனில் திடீரென்று என்மேல் பாய்ந்தார். அதை ஆபீஸ் குழுவில் 'த கிளையன்ட் டர்ன்டு மீ ஆன்' என்று எழுதிவைத்தேன். 'டர்ன்டு ஆன் மீ' என்றால் என்மேல் பாய்ந்தார். நான் எழுதியதற்கு அர்த்தம், அவர் எனக்குக் காம உணர்ச்சியைக் கிளப்பிவிட்டார். இரண்டு வாரம் ஆபீஸில் எனக்கு அதுதான் பெயர்.

அதற்கப்புறம் இடம் மாறினால் பொருளும் மாறுகிற ஜோடிகளுக்கு எதிரெதிர்ப் பக்கம் ஒதுக்கினேன். 'சீ த்ரூ இட்' என்றால் ஏமாற்று வேலையைக் கண்டுகொள்வது, 'சீ இட் த்ரூ' என்றால் எடுத்த வேலையைக் கடைசிவரை செய்து முடிப்பது. 'கெட் ஓவர் இட்' மனவருத்தத்திலிருந்து மீள்வது; 'கெட் இட் ஓவர் வித்' தொல்லை பிடித்த வேலையைச் சட்டென்று முடித்துத் தொலைப்பது. இவற்றுக்கு 'இட்' மட்டும் போதாது, முழு வாக்கியம் எழுதியே ஆக வேண்டும்.

விமானம் 'டுக் ஆஃப்' ஆவது, கார் 'பிரோக் டவுன்' ஆவது போன்றவற்றில் 'இட்' போடவே இடமில்லை. அவற்றுக்கு ஓரத்தில் ஒரு பூஜ்யம் போட்டுவிடுவேன், அவ்வளவுதான்.

செலவு என்று பார்த்தால் இரண்டு நோட்டு. இன்னும் அடித்துத் திருத்திக்கொண்டே இருப்பது 'ஃபில்' பக்கம்தான். படிவத்தைப் பிரிட்டன்காரர் 'ஃபில் இட் இன்' என்கிறார், அமெரிக்கர் 'ஃபில் இட் அவுட்' என்கிறார், நம் ஊர் வங்கியில் 'ஃபில் அப் பண்ணுங்க சார்'. போன மாதம் ஒருவர் 'ஃபில் மீ இன்' என்று எழுதியிருந்தார். நடந்ததைச் சொல்லு என்கிறார் என்று தெரியாமல், எந்தப் படிவம் என்று கேட்டு எழுதிவிட்டேன்.