மீட்டியோர் 350 வைத்திருப்பவன் 650-க்கு மாறலாமா?

2021 தொடக்கத்தில் எடுத்த ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350 என்னுடையது. வண்டியோடு சேர்த்துக் கட்டிய ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு முடிகிற நேரம் வந்துவிட்டது. இன்சூரன்ஸ் முடியும்போதுதான் வண்டியை மாற்றணும் என்று எங்கள் ஆபீஸில் ஒரு நம்பிக்கை உண்டு. போதாக்குறைக்கு நண்பன் ஒருவன் சூப்பர் மீட்டியோர் 650 எடுத்துவிட்டு, பார்க்கிற நேரமெல்லாம் "இன்னுமா இதையே ஓட்டிட்டிருக்க?" என்று கிளறிவிட்டுக்கொண்டே இருந்தான்.

350-இல் எனக்குப் பெரிய குறை கிடையாது. 349 சிசி, 20 பிஎச்பி, 27 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவிசை). காகிதத்தில் பார்த்தால் பல்சர் ஓட்டுகிற காலேஜ் பையன்கூடச் சிரிப்பான். ஆனால் பழைய புல்லட் ஓட்டியவர்களுக்குத்தான் இந்த எஞ்சினின் அருமை தெரியும். 2020 நவம்பரில் இந்த வண்டியோடுதான் புதிய ஜே சீரிஸ் எஞ்சின் வந்தது. உள்ளே அதிர்வைக் குறைக்கிற பேலன்சர் ஷாஃப்ட் இருப்பதால், 80-85இல் போகும்போது கண்ணாடியில் பின்னால் வருகிற லாரியின் நம்பர் பிளேட்டையே படிக்கலாம். பழைய 350-இல் அந்த வேகத்துக்கு லாரியே இரண்டாகத் தெரியும். நிதானமாகப் போனால் லிட்டருக்கு 34 கிலோமீட்டர் கொடுக்கிறது. டேங்க் 15 லிட்டர். முன்னும் பின்னும் மிதிக்கிற கியர் லிவர் இருப்பதால் ஷூ தேயாது; அலுவலகம் போகிறவனுக்கு இது சின்ன விஷயமில்லை.

தினப்படி ஓட்டத்துக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. சேலம் ஐந்து ரோட்டு நெரிசலில் 650-இன் 47 குதிரையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பிரச்சினை வருவது உளுந்தூர்பேட்டை ரோட்டில். சேலத்திலிருந்து சென்னைப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும். நான்குவழிச் சாலையில் ஜம்மென்று போய்க்கொண்டே இருப்போம். வாழப்பாடி, ஆத்தூர், கள்ளக்குறிச்சி என்று ஊருக்கு ஊர் பைபாஸ் வரும்போது, நடுத்தடுப்பு முடிந்து சாலை இருவழியாகச் சுருங்கும். பல வருஷம் அப்படியே கிடந்த ரோடு அது. எதிரே வண்டி, முன்னால் 60-இல் போகிற டாரஸ் லாரி, பின்னால் ஹாரனை விடாமல் அடிக்கிற தனியார் பஸ். மனைவி பின்சீட்டில், இரண்டு பக்கமும் பை. இடைவெளி தெரிந்ததும் ஐந்திலிருந்து நான்கு, நான்கிலிருந்து மூன்று என்று கியரைக் குறைத்து முறுக்கினால் சத்தம் முதலில் வருகிறது, வேகம் அப்புறம்தான் வருகிறது. லாரியின் பாதி நீளம் தாண்டும்போது எதிரே ஒரு கார் லைட்டை அடிக்க, பிரேக் பிடித்து மறுபடி லாரியின் பின்னாலேயே ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான். தனியாகப் போனால் இந்தத் தொல்லை பாதிதான். ஆளும் பையும் ஏறினால்தான் 350-க்கு மூச்சு வாங்கும்.

அதே ரோட்டில் நண்பனின் 650-ஐ மாற்றி ஓட்டிப் பார்த்தேன். ஷோரூம் டெஸ்ட் ரைடு பற்றி எனக்குப் பெரிய மரியாதை இல்லை. ஷோரூமைச் சுற்றி ஒரு ரவுண்டு போய்விட்டு வந்தால், வண்டி அழகாக இருக்கிறது என்பதைத் தவிர எதுவும் தெரியாது. ஆளோடும் பையோடும், நாம் வழக்கமாகப் போகிற ரோட்டில் அரை நாளாவது ஓட்ட வேண்டும்.

648 சிசி இரட்டை சிலிண்டர், 47 பிஎஸ், 52.3 நியூட்டன் மீட்டர். டார்க்கில் பெரும்பங்கு 2,500 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடுகிறது. ஆறாவது கியரிலேயே, கியரைத் தொடாமல் கைப்பிடியைத் திருகினால் போதும், லாரி பின்னால் போய்விட்டது. எதிரே வருகிற கார் இன்னும் தூரத்தில்தான் இருந்தது. பின்சீட்டிலிருந்து வழக்கமாக என் தோளில் விழுகிற அழுத்தம்கூட வரவில்லை. பெரிய வண்டிக்குக் கொடுக்கிற காசு இந்த நான்கைந்து நொடிக்குத்தான் என்று எனக்குத் தோன்றியது. 140 போகும், 150 போகும் என்பதெல்லாம் யூடியூபுக்கு. நம் ஹைவேயில் எந்த இடத்தில் மாடு குறுக்கே வரும், எந்த இடத்தில் எதிர்த்திசையில் டிராக்டர் வரும் என்று தெரியாமல் 110-க்கு மேல் போவதற்கு எனக்குத் தைரியம் இல்லை.

ஏற்காட்டுக்கும் அதிலேயே ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகளில் 350-ஐச் சில இடத்தில் முதல் கியருக்கு இறக்க வேண்டியிருக்கும். 650 இரண்டாவதிலேயே ஏறிவிட்டது. ஆனால் வீல்பேஸ், அதாவது இரண்டு சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம், 1,500 மில்லிமீட்டர். என் வண்டியைவிட 100 மில்லிமீட்டர் நீளம். இறங்கும்போது, குறுகலான வளைவில் எதிரே பஸ் வந்தால் இந்த நீளத்தோடு ஒடித்துத் திருப்புவது சுலபமில்லை.

அன்று சாயந்திரம் வண்டியை என் வீட்டிலேயே நிறுத்தச் சொன்னேன். அந்தச் சோதனைதான் கண்ணைத் திறந்தது.

எங்கள் வீட்டு வாசலில், ரோட்டிலிருந்து போர்டிகோவுக்கு ஏறுகிற சிமென்ட் சரிவு கொஞ்சம் செங்குத்து. சந்து பத்தடிதான், எதிர்வீட்டு மதில் நேரே நிற்கும். 350-ஐ உட்கார்ந்தபடியே காலால் உந்திப் பின்னுக்கு இறக்கி, பாதி திருப்பி எடுத்துவிடுவேன். அதன் எடை 191 கிலோ. சூப்பர் மீட்டியோர் 241. நடுவில் இருக்கிற 50 கிலோ என்பது ஒரு சிமென்ட் மூட்டை. சீட் உயரம் 740 மில்லிமீட்டர்தான், இரண்டு காலும் முழுசாக ஊன்றும். அதை நம்பித்தான் ஏறினேன். ஆனால் சரிவில் பின்பக்கமாக இறங்கும் வண்டியைப் பிடிக்க முன் பிரேக் மட்டும்தான் துணை. பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கிறேன், பின்சக்கரம் ஈரத்தில் லேசாக வழுக்குகிறது. மனைவி வந்து கேரியர் பக்கம் கையை வைத்து, "ஏங்க, தினமும் காலையில நானும் வந்து தள்ளணுமா?" என்றாள். பக்கத்து வீட்டுப் பையனும் வந்து சேர்ந்தான். மூன்று பேர்.

கிரவுண்ட் கிளியரன்ஸும், அதாவது தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளியும், ஒரு கணக்கு. 350-க்கு 170 மில்லிமீட்டர், சூப்பர் மீட்டியோருக்கு 135. நம் ஊர்ப் பக்கம் வெள்ளைக் கோடுகூடப் போடாமல், ஆள் ஆளுக்குப் போட்டுவைத்திருக்கும் வேகத்தடைகளை நினைத்துப் பாருங்கள். இரண்டு பேரோடு போனால் சில இடத்தில் குறுக்காகத்தான் ஏற்றி இறக்க வேண்டியிருந்தது. பின்சீட்டு ஆளுக்கு இரண்டு வண்டியிலுமே பின் சஸ்பென்ஷன் கொஞ்சம் கெட்டிதான். "காசு இரட்டிப்பு, குலுக்கல் மட்டும் அதேதானா?" என்பது வீட்டம்மா விமர்சனம்.

இனி காசுக்கு வருவோம். 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி ஜிஎஸ்டி மாறியதும் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு 28 சதவீதம் 18 ஆனது. அதற்கு மேலே செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து 31 ஆக இருந்தது 40 ஆனது. இதில் என்னைப் போன்றவனுக்கு இரண்டு பக்கமும் அடி. போக வேண்டிய வண்டி விலை ஏறி, ஷோரூம் விலையே நான்கு லட்சத்தை ஒட்டி வந்துவிட்டது. 2023 ஜனவரியில் அறிமுகமானபோது ஆரம்ப விலை 3.49 லட்சம். கொடுக்க வேண்டிய வண்டிக்கோ புதுசின் விலையே குறைந்துவிட்டது. எக்ஸ்சேஞ்சுக்குக் கேட்ட இடத்தில், "புதுசே இறங்கிருச்சுங்க அண்ணா, பழசுக்கு எப்படி அந்த ரேட்டு போடறது?" என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. சொன்ன விலையில்தான் இல்லை.

அதன்மேல் தமிழ்நாட்டு வாழ்நாள் வரி 12 சதவீதம். விலை ஏற ஏற இதுவும் தானாக ஏறும். மூன்றாம் நபர் காப்பீடு 2022-இல் நிர்ணயித்த கட்டணப்படி 150-க்கு மேல் 350 சிசி வரை வருஷத்துக்கு 1,366 ரூபாய், அதற்கு மேல் 2,804. புது வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கும் சேர்த்தே கட்டணும், 650-க்கு அது 15,117. பெட்ரோலில் நண்பனுக்கு 24 கிடைக்கிறது என்கிறான், வீட்டில் சொல்லும்போது மட்டும் 28. 24-ஐயே வைத்துக்கொண்டால் ஆயிரம் கிலோமீட்டருக்கு எனக்குக் கூடுதலாக ஆகிறது சுமார் 1,200 ரூபாய். இதைக்கூடத் தாங்கலாம். முதல் நாள் போடுகிற தொகைதான் நெஞ்சை அடைக்கிறது.

பெரிய ரோட்டுக்குப் பெரிய வண்டி என்ற வாதமும் முழுசாக நிற்கவில்லை. பெங்களூரு - மைசூரு விரைவுச்சாலையில் 2023 ஆகஸ்டிலிருந்து டூவீலருக்கே அனுமதி இல்லை. 650 ஆனாலும் சரி, மொபட் ஆனாலும் சரி, சர்வீஸ் ரோடுதான்.

யோசித்துப் பார்த்தால் எனக்கு வேண்டியது அந்த எஞ்சின். நீளமான, தாழ்வான க்ரூஸர் உடம்பு இல்லை. அதே 650 எஞ்சின் ராயல் என்ஃபீல்டின் இன்னொரு வண்டியான இன்டர்செப்டரிலும் இருக்கிறது. எடையும் குறைவு, கிரவுண்ட் கிளியரன்ஸும் என் 350 அளவுக்கு இருக்கிறது. சீட் 804 மில்லிமீட்டர் என்பதால் என் மனைவி ஏறுவது கஷ்டம் என்று நினைத்தேன். ஷோரூமில் அவள் ஒரே மூச்சில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். என் கால்தான் முன்பாதத்தில் நின்றது. க்ரூஸரின் சாய்ந்த உட்காரல் பழகிய முதுகுக்கு அதுவும் உடனே பிடிக்கவில்லை.

இப்போதைக்கு 350-தான். முதலில் இரண்டு டயரும் மாற்றணும். பின்னால் கொஞ்சம் நல்ல ஷாக் அப்சார்பரும், மனைவி கேட்கிற பேக்ரெஸ்ட்டும் போட்டால், எல்லாம் சேர்த்தும் 650-க்குக் கட்டப்போகிற வாழ்நாள் வரியைத் தாண்டாது. மாசத்தில் இரண்டு மூன்று முறை ஆளோடு ஹைவே ஏறுகிறவராக இருந்து, வீட்டு வாசல் சமதளமாகவும் இருந்தால், என் கணக்கை மறந்துவிட்டு 650 எடுங்கள். அந்த ஓவர்டேக்குக்கு ஈடு கிடையாது. தனியாளாக ஆபீஸ் போய்வருகிறவர், வருஷத்துக்கு ஒரு நீண்ட பயணம் போகிறவர் என்றால் அவசரப்பட வேண்டாம்.

நண்பன் இப்போது ராயல் என்ஃபீல்டின் இமாலயன் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுடைய 650-ஐ விற்கிற நாள் வந்தால் முதலில் எனக்குத்தான் சொல்லணும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். பழைய வண்டிக்கு ஜிஎஸ்டி கட்டணக் கவலை எனக்கில்லை. வாசல் சரிவை மட்டும் இடித்துக் கட்டணும். கொத்தனார் எட்டாயிரம் கேட்கிறார்.