டைம் டைமர் மாட்: நேரம் கண்ணுக்குத் தெரிய

நேரம் போவதே தெரியாமல் வீட்டுப்பாடத்தின் முன் உட்கார்ந்திருக்கும் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏற்ற கருவி இது: மீதி நேரத்தைக் கண்ணால் பார்க்க வைக்கும் டைமர். குமிழைத் திருப்பினால் சிவப்புத் தட்டு விரியும். நிமிடங்கள் குறையக் குறைய அதுவும் சுருங்கும். ஒரு ஏஏ பேட்டரி போதும். ஒலியை அணைத்துவிடலாம், வகுப்பறைக்கு அது அவசியம்.

எடுத்த எடுப்பில் 60 நிமிடம் வைக்காதீர்கள். அவ்வளவு சிவப்பைப் பார்த்ததுமே பிள்ளை மலைத்துப்போகும். 15 நிமிடம் வையுங்கள், பக்கத்தில் ஒரு துண்டுச்சீட்டு: "கணக்கு, 4 முதல் 6 வரை". சீட்டு இல்லாவிட்டால் எதற்கு உட்கார்ந்தோம் என்பதே மறந்து, தட்டையே வேடிக்கை பார்ப்பார்கள். 5 நிமிட இடைவேளைக்கும் இதையே வைக்க வேண்டும். இல்லையென்றால் அது அரைமணி நேரமாகிவிடும்.

நோட்டை வீட்டிலேயே விட்டுப்போகும் மறதிக்கு இது உதவாது. அதற்குப் புத்தகப்பையில் ஒட்டிய பட்டியல்தான் சரி. டைமரின் விலை கொஞ்சம் கூடுதல்தான்.