அயர்ன் கவுண்டியின் பழைய மரணச் செய்திகள்: ‘குரோனிக்ளிங் அமெரிக்கா’ எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

மிசூரி மாநிலத்தில் 1910க்கு முன் இறந்த ஒருவருக்கு மரணச் சான்றிதழ் தேடிப் போனால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். மரணங்களைக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு) அலுவலகத்தில் பதியச் சொல்லி 1883இல் ஒரு சட்டம் வந்தது. பலர் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1893இல் அதையும் எடுத்துவிட்டார்கள். மாநிலம் முழுக்கக் கட்டாயப் பதிவு தொடங்கியது 1910இல்தான். சரி, மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பிடிக்கலாம் என்றால், 1890ஆம் ஆண்டுக் கணக்கின் பெரும்பகுதி 1921 ஜனவரியில் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தில் பாழாகிவிட்டது. ஆக 1880க்கும் 1900க்கும் நடுவே இருபது வருட இருட்டு. அந்தக் காலத்தில் ஒரு நாட்டுப்புறக் குடும்பத்தில் யார் எப்போது இறந்தார், எங்கே அடக்கம் செய்தார்கள் என்று சொல்ல மிஞ்சியிருப்பது வாரம் ஒருமுறை வந்த உள்ளூர்ப் பத்திரிகைதான்.

தென்கிழக்கு மிசூரியிலுள்ள அயர்ன் கவுண்டிக்கு அந்தப் பத்திரிகை ‘அயர்ன் கவுண்டி ரெஜிஸ்டர்’. 1867 முதல் அயர்ன்டன் ஊரிலிருந்து வந்தது. இதன் பழைய இதழ்கள் ‘குரோனிக்ளிங் அமெரிக்கா’ தளத்தில் பக்கம் பக்கமாகக் கிடைக்கின்றன. அமெரிக்க நாடாளுமன்ற நூலகமும் மானுடப் புலங்களுக்கான தேசிய அறக்கொடை நிறுவனமும் சேர்ந்து 2007இல் திறந்த தளம் இது. இன்று 2 கோடிக்கும் அதிகமான பத்திரிகைப் பக்கங்கள் அதில் உள்ளன. கட்டணம் இல்லை, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, பக்கத்தைப் பிடிஎஃப் ஆகவோ ஜேபெக் 2000 ஆகவோ இறக்கிக்கொள்ளலாம். இலவசம் என்பதற்காகச் சலுகை மதிப்பெண் போட வேண்டிய நிலையில் அது இல்லை. காசு வாங்கும் தளங்களோடு சரிசமமாக நிறுத்திப் பார்த்தாலும் நாட்டுப்புறக் கவுண்டி வேலைக்கு முதலில் திறக்க வேண்டியது இதைத்தான். ஆனால் தேடல் பெட்டியில் பெயரைப் போட்டு, வந்ததை அள்ளிக்கொண்டு போகிறவருக்கு இதில் கிடைப்பது கொஞ்சம்தான்.

காரணம் ஓசிஆர், அதாவது படத்திலுள்ள எழுத்தை மென்பொருள் படித்து உரையாக்கும் முறை. பக்கங்கள் மைக்ரோஃபிலிமிலிருந்து படமெடுக்கப்பட்டவை. தேய்ந்த ஈய எழுத்து, மட்டமான தாள், நடுமடிப்பில் இருண்டுபோன பத்தி எல்லாம் அப்படியே படத்தில் இருக்கும். அதை மென்பொருள் படித்துக் கொடுத்த உரையில்தான் நம் தேடல் ஓடுகிறது. ஆங்கில ஆர் எழுத்தும் என் எழுத்தும் ஒட்டி விழுந்தால் மென்பொருளுக்கு அது எம் எழுத்து. பர்ன்ஸ் குடும்பம் ‘பம்ஸ்’ ஆகிவிடும். சியும் எல்லும் ஒட்டினால் டி எழுத்து. கிளார்க் ‘டார்க்’ ஆவார். இருட்டு என்ற பொருளில் அந்தச் சொல் எல்லா இதழிலும் வருவதால், அவரைப் பெயரை வைத்து மீட்பது கிட்டத்தட்ட முடியாது. ஹெண்டர்சன் போன்ற நீளமான பெயர் வரிக் கடைசியில் கோடு போட்டு உடைந்திருந்தால் முழுப்பெயர்த் தேடலில் சிக்காது. முதல் பாதியை மட்டும் போட்டுப் பாருங்கள். பிழையைக் கண்டால் திருத்தி வைக்கவும் வழியில்லை. கலிஃபோர்னியாவின் மாநிலப் பத்திரிகைத் தளத்தில் வாசகர்களே ஓசிஆர் உரையைத் திருத்தலாம். அந்த வசதி இங்கே இல்லாதது பெரிய குறை.

முழுச் சொற்றொடராகத் தேடுவதைத் தவிருங்கள். நடுவில் ஒரு தலைப்பெழுத்து வந்தாலே அது தவறிவிடும். மேம்பட்ட தேடலில் இரண்டு சொற்கள் 5 அல்லது 10 சொல் இடைவெளிக்குள் வர வேண்டும் என்று கேட்கும் வசதி இருக்கிறது. குடும்பப் பெயரோடு ‘டைட்’ (இறந்தார்), ‘பெரீட்’ (அடக்கமானார்), ‘ரிமெய்ன்ஸ்’ (உடல்), ‘இன்டர்மென்ட்’ (அடக்கம்) ஆகிய ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, மாநிலத்தையும் ஐந்தாண்டு இடைவெளியையும் கட்டிவிட்டுத் தேடினால் குப்பை குறையும். ஊர்ப்பெயரை வைத்தும் தேடிப் பாருங்கள். ஆனால் பெல்வியூ என்ற ஊருக்கே இரண்டு விதமான எழுத்துக்கூட்டல் புழங்கியது. இரண்டையும் போட வேண்டும்.

பெண்கள் விஷயம் தனி. திருமணமானவர் கணவரின் தலைப்பெழுத்துகளுக்குப் பின்னால் மறைந்திருப்பார்: ‘மிஸஸ் ஜே. டபிள்யூ.’, அப்புறம் குடும்பப் பெயர், அவ்வளவுதான். அவருடைய சொந்தப் பெயர் மரணச் செய்தியிலும் வராமல் போகலாம். கைக்குழந்தைகள் ‘இன்னாரின் சிசு’ என்று மட்டும் வருவார்கள். தகப்பன் பெயரில் தேடினால்தான் உண்டு. வயதானவர்களை ஊரே ‘அங்கிள்’, ‘ஆன்ட்’, ‘கிராண்ட்மா’ என்றுதான் எழுதியது. அங்கிள் என்றிருப்பதால் செய்தி எழுதியவருக்குச் சொந்தக்காரர் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

சில பழைய சொற்களைத் தெரிந்து வைத்துக்கொண்டால் ஒரு வரியிலேயே குடும்ப நிலவரம் புரிந்துவிடும். இறந்த பெண்ணை ‘கன்சார்ட்’ என்று போட்டிருந்தால் கணவர் உயிரோடு இருக்கிறார், சுமங்கலியாகப் போனவர் என்று பொருள். ‘ரெலிக்ட்’ என்றால் கணவர் முன்பே இறந்துவிட்டார். இந்த ஒரு சொல்லை வைத்தே கணவரின் மரணத்தை எந்தத் தேதிக்கு முன்னால் தேடுவது என்று தீர்மானிக்கலாம். ‘கார்ட் ஆஃப் தேங்க்ஸ்’ என்பது நோயிலும் சாவிலும் உதவிய அக்கம்பக்கத்தாருக்குக் குடும்பம் சொல்லும் நன்றி. அடியில் கையெழுத்திட்டவர்கள் பெரும்பாலும் வாரிசுகள் என்பதால் அந்தச் சின்னப் பெட்டி முழு இரங்கல் குறிப்பைவிடப் பயன்படும் நேரமும் உண்டு.

தேதிக்கு வருவோம், அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். ‘இன்ஸ்ட்’ என்றால் நடப்பு மாதம், ‘அல்ட்’ என்றால் போன மாதம். 1895 மார்ச் 14, வியாழக்கிழமை இதழ் என்று வைத்துக்கொள்வோம். ‘9 இன்ஸ்ட்’ என்பது மார்ச் 9, ‘28 அல்ட்’ என்பது பிப்ரவரி 28. ‘கடந்த ஞாயிறு’ என்றால் மார்ச் 10 என்று எழுதிவிடத் தோன்றும். முதல் பக்கச் செய்தியானால் சரி. அனாபொலிஸ், டெஸ் ஆர்க் போன்ற ஊர்களிலிருந்து வந்த கடிதப் பத்தியானால் மேலே போய்க் கடிதத்தின் தேதியைப் பாருங்கள். மார்ச் 5 என்று போட்டிருந்தால் அந்த ஞாயிறு மார்ச் 3. ஒரு வாரம் பிசகினால், பின்னால் சான்றுகளை ஒப்பிடும்போது ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார்.

வயதைத் துல்லியமாகக் கொடுத்திருந்தாலும் அவசரப்பட வேண்டாம். 1895 மார்ச் 10இல் இறந்தவருக்கு 71 வருடம் 4 மாதம் 12 நாள் என்று இருக்கட்டும். முதலில் வருடம், பிறகு மாதம், கடைசியில் நாள் என்று கழித்தால் பிறந்த தேதி 1823 அக்டோபர் 29. நாளை முதலில் கழித்து மாதம், வருடம் என்று போனால் அக்டோபர் 26. மரபுவழி ஆய்வாளர்கள் கையாளும் 8870 கணக்கில், 18950310இலிருந்து 710412ஐயும் பிறகு 8870ஐயும் கழிக்க, 18231028 வருகிறது: அக்டோபர் 28. மாதங்களுக்கு நாள் எண்ணிக்கை ஒன்றுபோல் இல்லாததால் வரும் தகராறு இது. எந்த முறையில் அன்று கணக்குப் போட்டார்கள் என்பதைச் செய்தி சொல்லாது. எனவே ‘அக்டோபர் 26 முதல் 29க்குள்’ என்று எழுதி, கணக்கிட்டுப் பெற்றது என்று பக்கத்தில் குறித்து வையுங்கள்.

அடக்கம் பற்றிய செய்தியை இன்னும் நிதானமாகப் படிக்க வேண்டும். ‘ஃபியூனரல்’ என்ற சொல் வந்தால் அன்றே குழியில் இறக்கினார்கள் என்று அர்த்தமில்லை. ஊர் ஊராகச் சுற்றிவரும் போதகர் வரும்வரை காத்திருந்து, உடலை அடக்கம் செய்து மாதங்கள் கழித்து இரங்கல் பிரசங்கம் நடத்துவது மலைப்பகுதிகளில் வழக்கமாக இருந்தது. ஏப்ரல் மாத இதழில் ‘ஃபியூனரல் பிரீச்ட்’ என்று கண்டால் அந்த ஆள் ஜனவரியிலேயே இறந்திருக்கலாம், பின்னோக்கிப் புரட்டுங்கள். அடக்க இடமாகக் கல்லறைத் தோட்டத்தின் பெயர் இல்லாமல், பழைய உரிமையாளர் பெயரில் ஒரு பண்ணையைச் சொல்லி ‘அங்குள்ள குடும்ப இடுகாடு’ என்று மட்டும் போட்டிருப்பார்கள். அந்த நிலம் கைமாறியிருக்கும், கல் நட்டிருக்க மாட்டார்கள். அப்போது கவுண்டி நிலப்பத்திரங்களில் அந்தப் பண்ணைப் பெயரைத் தேடுவதே வழி. அயர்ன் கவுண்டி 1857இல்தான் சுற்றியிருந்த கவுண்டிகளிலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. அதற்கு முந்தைய பத்திரங்களைப் பழைய கவுண்டிகளில் பார்க்க வேண்டும்.

ரயிலையும் மறக்க வேண்டாம். செயின்ட் லூயிஸிலிருந்து ஒரு ரயில் பாதை 1858இலேயே அயர்ன் கவுண்டியிலுள்ள பைலட் நாப் வரை வந்துவிட்டது. நகரத்துக்கு வேலைக்கோ வைத்தியத்துக்கோ போய் அங்கே இறந்தவரின் உடலை ரயிலில் கொண்டுவந்து சொந்த ஊரில் அடக்கம் செய்வார்கள். செய்தியில் உடல் வந்து சேர்ந்ததாகச் சொல்லியிருந்தால் மரணப் பதிவை செயின்ட் லூயிஸில் தேடுங்கள். அந்த நகரம் மாநிலத்துக்கு வெகுகாலம் முன்பே பதிவேடு வைத்திருந்தது.

பெயர்த் தேடலில் ஒன்றும் வரவில்லையா? தேதி ஓரளவு தெரிந்தால் தேடலை மூடிவிட்டு இதழ்ப் பட்டியலுக்குப் போய், அந்த வாரத்திலிருந்து அடுத்த நான்கு இதழ்களையும் முழுதாகப் புரட்டுங்கள். சில பக்கங்களே கொண்ட வார இதழுக்கு இது ஒரு மாலை வேலை. முதல் வாரத்தில் நோய்ச் செய்தி, இரண்டாவதில் மரணம், மூன்றாவதில் நன்றி அறிவிப்பு, நான்காவதில் அவர் இருந்த சங்கத்தின் இரங்கல் தீர்மானம் என்று ஒரே சாவு சிதறிக் கிடக்கும். ஆட் ஃபெலோஸ், மேசன், உட்மென் ஆஃப் தி வேர்ல்ட் முதலிய சங்கங்களின் தீர்மானங்களில் இறந்த தேதி தெளிவாக இருக்க வாய்ப்பு அதிகம். 1890இல் தொடங்கிய உட்மென் சங்கத்தின் காப்பீட்டில் கல்லறைக் கல்லும் சேர்த்தி. வெட்டிய மரத்தின் அடிப்பாகம் போன்ற கல்லை இடுகாட்டில் கண்டால், அந்தத் தீர்மானத்தைத் தேடுவது வீண்போகாது. பின்பு சட்ட அறிவிப்புப் பத்தி. இறந்தவர்களின் உயில், சொத்து விவகாரங்களைக் கவனிக்கும் புரோபேட் நீதிமன்றம் சொத்து நிர்வாகியை நியமித்த அறிவிப்பு சில வாரங்கள் தொடர்ந்து வரும். அதிலுள்ள நியமனத் தேதிக்கு முன்பே மரணம் நடந்துவிட்டது என்பது உறுதி. நிர்வாகி மகனாகவோ மருமகனாகவோ இருக்கலாம்.

உள்பக்கங்களைப் புரட்டும்போது ஓர் எச்சரிக்கை. அந்தக் கால நாட்டுப்புற வார இதழ்கள் பல, பாதி அச்சடித்த தாளை வெளியூர் நிறுவனங்களிடம் வாங்கி மீதிப் பக்கங்களில் மட்டும் உள்ளூர்ச் செய்தியை அடித்தன. விஸ்கான்சினின் பராபூ ஊரில் ஏ. என். கெலாக் 1861இல் தொடங்கிவைத்த ஏற்பாடு இது. அப்படிப்பட்ட பக்கத்தில் கிடைக்கும் மரணம் வேறு மாநிலத்தில் நடந்ததாக இருக்கும். ஒரே பெயர் என்பதற்காக எடுத்து ஒட்டிவிடாதீர்கள்; எழுத்துரு மாறியிருந்தாலே சந்தேகப்பட வேண்டும்.

சில இதழ்கள் மைக்ரோஃபிலிமுக்கே வந்து சேரவில்லை. தளத்தின் இதழ் நாட்காட்டியில் அந்த வாரம் காலியாக இருந்தால் பக்கத்திலுள்ள மேடிசன், வெய்ன், ரெனால்ட்ஸ் கவுண்டிகளின் இதழ்களைப் பாருங்கள். பத்திரிகைகள் ஒன்றிலிருந்து ஒன்று தாராளமாக எடுத்துப் போட்டுக்கொண்டன. குரோனிக்ளிங் அமெரிக்காவில் இல்லாத சில மிசூரி இதழ்கள் மாநில வரலாற்றுச் சங்கத்தின் தளத்தில் இருக்கின்றன, அதுவும் இலவசம். ஆன்செஸ்ட்ரி நிறுவனத்தின் நியூஸ்பேப்பர்ஸ் டாட் காம் சந்தா கேட்கும். தேடல் வேகம், வெட்டியெடுத்துப் பகிரும் வசதி இரண்டிலும் அது முந்தி நிற்கிறது. ஆனால் உங்கள் கவுண்டியின் இதழ், உங்களுக்கு வேண்டிய ஆண்டுகளில் இருக்கிறதா என்று பட்டியலைப் பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம். 1910க்குப் பிந்தைய மரணங்களுக்கு, 50 ஆண்டு கடந்த சான்றிதழ்களை மிசூரி மாநில ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாகவே தருகிறது. அடக்க இடமும் அதில் இருக்கும்.

கண்டெடுத்ததைச் சேமிக்கும்போது வெட்டிய துண்டை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். முழுப் பக்கத்தையும் இறக்கி, கோப்பின் பெயரிலேயே பத்திரிகை, ஊர், தேதி, பக்கம், பத்தி எண் ஆகியவற்றை எழுதுங்கள். கல்லறைகளைப் பட்டியலிடும் ஃபைண்ட் எ கிரேவ் தளத்தில் காணும் தேதியோடு முட்டினால் கல்லின் படத்தைப் பாருங்கள். பளபளவென்று இயந்திரத்தில் வெட்டிய கல், 1880களில் இறந்தவர் தலைமாட்டில் நிற்கிறதென்றால் அது பிற்பாடு நட்டதாக இருக்கலாம். அந்த வாரமே அச்சான வரிக்குத்தான் எடை அதிகம். இரண்டு தேதிகளையும் எழுதி, எது எங்கிருந்து வந்தது என்பதையும் குறித்து வையுங்கள்.